ஒன்பது முப்பத்தெட்டுக்கு வேலி பேசும்

வானொலி நிலையம் அவர் குரலில் ஓர் ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டது. தப்பு அதுதான். தேடப்படுகிற ஆள் காணாமல் போய் முப்பத்தொரு வருஷம் ஆகிறது. தேடுகிற குரல் தெய்வசிகாமணியுடையது. இப்போதைய குரல் இல்லை, நாற்பது வயசுக் குரல், பல் விழாத, மூச்சு வாங்காத குரல். இரண்டு மாதமாகத் தினமும் காலை ஒன்பது முப்பத்தெட்டுக்குப் புல்லாங்குழல் ஆரம்பிக்கிறது, அது முடிந்ததும் குரல் வருகிறது. ரேடியோவில் இல்லை. அவரிடம் ரேடியோ கிடையாது. இருந்த பெட்டி செத்து ஆறு வருஷம், மனைவி போன அதே மாசி. டவுனில் போய்க் கேட்டார், மீடியம் வேவ் இருக்கிற செட் வேணும் என்று. கடைக்காரன் மேலும் கீழும் பார்த்தான். அதெல்லாம் யாரு கேக்கா பெரியவரே என்றான். கேட்கிறவன் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டான். குரல் வருவது கொல்லையில் துணி காயப் போடுகிற கம்பியில். இதை மகனிடம் போனில் சொன்னதுதான் இரண்டாவது தப்பு. பரணி திடீரென்று ரொம்ப மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதை பிடிக்கவில்லை. இன்று பதினொரு மணிக்குப் பெங்களூரிலிருந்து காரில் வருகிறான். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். என்ன டாக்டர் என்று சொல்லவில்லை, சும்மா ஒரு செக்கப் என்றான். அதற்குள் இந்தக் குரல் வெளியே இருக்கிறதா, தலைக்குள் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வெளியே என்றால் வந்தவனுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடலாம். தலைக்குள் என்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

மணி எட்டு ஐம்பது. நாற்காலியைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டாகிவிட்டது. முன்னால் கம்பி, கம்பியில் ஒரு துண்டு, ஒரு பனியன். அப்பால் முள்வேலி. அதற்கும் அப்பால் தேரி மணல், சிவப்பு, கண்ணைக் கூசுகிற சிவப்பு, நாலு பனை. நானூறு கஜத்தில் ஒலிபரப்புக் கோபுரம், முந்நூறு அடி இரும்பு, உச்சியில் பகலிலும் எரிகிற விளக்கு. அணைக்க ஆளில்லை. கோபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் எவனும் மனை வாங்க மாட்டான். அவர் வாங்கினார். விலை கம்மி என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை, ஆனாலும் வந்தாள். இரும்பு பேசுவது அவருக்குப் புதிதில்லை. கோபுரத்தை ஒட்டித் துருப்பிடித்த எதுவும் பேசும். கம்பியும் கம்பியும் துருவோடு தொடுகிற இடத்தில் அலை சிக்கிக்கொண்டு சத்தமாகிவிடும், அவ்வளவுதான் சங்கதி. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எஞ்சினியர் சாமுவேல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காதை வையும்வே, கடிக்காது என்றார். வேலிக் கம்பி நெல்லுக்கு யூரியா எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேண்டீன் தகரக் கூரை மத்தியானம் பாடும். பாட்டு மாறினால் சமையல்காரன் கரண்டியால் தட்டுவான். யாரும் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது, சொல்கிறவன் உள்ளே ஸ்டுடியோவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே சொல்கிறான். இப்போது உள்ளே ஆள் இல்லை. அங்கேதான் இடிக்கிறது. இன்னொன்றும் இடிக்கிறது. மீதி நேரமெல்லாம் இந்தக் கம்பியில் வருவது வெறும் இரைச்சல், கூட்டில் தேனீ முனகுகிற மாதிரி, பாட்டா பேச்சா என்று தெரியாது. இந்த ஒன்றரை நிமிஷம் மட்டும் எழுத்து எழுத்தாகப் புரிகிறது. சொந்தக் குரல் என்பதால் காதுக்குப் பழக்கம், அதனால் புரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளலாம். அண்ணன் காந்திமதிநாதனும் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தான். தந்தி ஆபீசில் முப்பது வருஷம். ரிட்டயர் ஆனபிறகு ராத்திரி ஓட்டில் விழுகிற மழையில் கட்டுக் கட கட்டு என்று செய்தி வருகிறது என்றான். எழுதி எழுதி வைத்தான். நோட்டு நோட்டாக. காரணம் கேட்டால் அழகாகச் சொல்லுவான், ஈயம், காற்றழுத்தம், எல்லாம் வரும். கேட்டவனுக்கே ஒரு நிமிஷம் நியாயமாகப் படும். காரணம் சொல்லத் தெரிவதால் புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போன காரின் பின்சீட்டில் கூட உட்கார்ந்து போனவர் தெய்வசிகாமணிதான். அண்ணே, சும்மா ஒரு செக்கப் என்றார்.

ஒரு துண்டு காற்றில் ஆடுகிறது. அதற்குப் பின்னால் பனை. மூன்று பனைதானே இருந்தது. நாலா. நாலுதான். எண்ண வேண்டாம்.

நிலையத்துக்கு எத்தனை வேஷம். அவர் சேரும்போது அது விவசாயி. காலை ஐந்தரைக்கே எழுந்து பம்புசெட், பூச்சிமருந்து, கிடைமாடு என்று பேசும். அறிவிப்பாளனும் வயலிலிருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்தவன் மாதிரிப் பேச வேண்டும் என்று உத்தரவு. தெய்வசிகாமணிக்கு நெற்பயிருக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. பேசினார். புது டைரக்டர் வந்தார், விவசாயி செத்தான், சங்கீத வித்வான் பிறந்தான். காலையில் தம்புரா, ராத்திரியில் தம்புரா, நடுவில் தம்புரா சரி பார்க்கிற சத்தம். அடுத்தவர் வந்தார், நேயர் விருப்பம் என்றார். மூட்டை மூட்டையாகத் தபால் கார்டு. மூணு நிமிஷப் பாட்டுக்கு ஏழு நிமிஷம் பெயர் வாசிக்க வேண்டும். ஒரு பெயரை விட்டால் அடுத்த வாரம் அந்தத் தெருவே வந்து வாசலில் நிற்கும். அப்புறம் விளம்பரம் வந்தது, ஊறுகாய், கைலி, எலி பாஷாணம். அப்புறம் மாநிலத் தலைநகரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு, சார், நீங்க கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே பேசணும், நேயருக்கு நீங்க அவங்க பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கணும் என்றாள். ஒரு வாரம் சிரித்தார். அறிவிப்பாளருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டு இருபத்திரண்டு கடிதம் வந்தது. அம்மாள் போனாள். பக்தி வந்தது. பக்தி போயிற்று, டில்லி வந்தது. ஒவ்வொரு தடவையும் முகப்பு இசை மாறும், சுவரில் பெயிண்ட் மாறும், பழைய டேப்பெல்லாம் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போய்விடும். ஒன்றே ஒன்றுதான் மாறவில்லை. காற்றை வெறுமையாக விடக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் மௌனம் போனால் விளக்கம் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் நிரப்பி. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது வரும் வரை ஓடவிடுகிற துண்டு இசை. புல்லாங்குழல் இரண்டு நிமிஷம், வயலின் ஒன்றரை, ஜலதரங்கம் ஒன்று. எந்த டைரக்டரும் நிரப்பியைத் தொடவில்லை. அதை யாரும் கேட்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக வந்த வேஷத்துக்கு டைரக்டரே கிடையாது. எல்லாம் தலைநகரத்திலிருந்து வருகிறது, கம்ப்யூட்டர் அதை வாங்கி ஒலிபரப்புகிறது, கட்டடத்துக்குப் பூட்டு. மாதம் ஒரு தடவை எஞ்சினியர்ப் பையன் ஒருத்தன் பைக்கில் வந்து தூசு தட்டிவிட்டுப் போகிறான். அவனிடமும் கேட்டாகிவிட்டது. சார், அந்த மாதிரி ஃபைல் எதுவுமே லிஸ்ட்ல இல்ல சார், அறிவிப்புன்னு ஒரு ஃபோல்டரே கிடையாது என்றான். குரலில் அதே மரியாதை.

மணி ஒன்பது ஐந்து. அவளும் இந்த நேரத்துக்குத்தான் வந்தாள். பூலம்மாள். கையில் போலீஸ் ஸ்டேஷன் கடுதாசி, இன்னொரு கையில் புருஷன் போட்டோ. முப்பது வயசு இருக்கும். வரவேற்பறையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, மிதியடிக்குப் பக்கத்தில் நின்றாள். காணவில்லை அறிவிப்பு வாரத்துக்கு ஐந்தாறு வரும், தபாலில் வரும், ஆள் நேரில் வருவதில்லை. இவள் வந்தாள். வடக்கு ஆவாரங்குளம், இரண்டு பஸ் மாறி. போட்டோவை நீட்டி, இதையும் ரேடியோவுல காட்டிருங்க சார் என்றாள். பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். அவரும் சிரித்திருப்பார், சரியாக ஞாபகம் இல்லை. இல்லை, சிரித்தார். அவள் கோபப்படவில்லை. சரி, படம் வேண்டாம், பேரச் சொல்லுங்க போதும் என்றாள். அவருக்கு அப்பப்போ புத்தி கலங்கிரும், நடந்துகிட்டே இருப்பாரு, வேலியோரமா, தண்டவாளத்தோரமா, ஆனா பேரச் சொல்லிக் கூப்பிட்டா நின்னுருவாரு சார். டீக்கடைக்கு டீக்கடை ரேடியோ இருக்குல்லா. எங்கயாவது ஒரு கடையைத் தாண்டும்போது பேரு கேட்டா நின்னுருவாரு. அவ்வளவுதான் அவள் கேட்டது. பேரை ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட வேண்டும். யோசித்துப் பார்த்தால் அந்த நிலையம் எதற்கு இருக்கிறது என்று அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மறுநாள் காலை அவருக்கு வேலை இல்லை, அதனால் அன்றைக்கே பதிவு செய்து வைத்தார். வெறும் டேப் இல்லை. ஸ்டோரில் கேட்டால் அடுத்த மாதம் வா என்பான். புல்லாங்குழல் நிரப்பி டேப்பில் இரண்டு நிமிஷத்துக்கு அப்புறம் பாதிச் சுருள் சும்மா கிடந்தது. அதில் பதிந்தார். எல்லோரும் செய்கிற காரியம்தான். பெட்டி மேல் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை. பதிவேட்டில் நாளைக் காலை ஒலிபரப்பாகிவிட்டது என்று இன்றைக்கே எழுதினார். அதுவும் எல்லோரும் செய்கிற காரியம்தான், முன்கூட்டியே எழுதாவிட்டால் பதிவேடு முடியாது. கடுதாசியில் ஒலிபரப்பப்பட்டது என்று முத்திரை குத்தி வெளியே போகிற தபாலில் போட்டார். சாயங்காலம் நாலே காலுக்கு டில்லியில் பெரிய தலைவர் ஒருவர் காலமானார்.

ஏழு நாள் வீணை. எல்லா நிலையமும் வீணை, ஷெனாய், மறுபடி வீணை. நிகழ்ச்சி எல்லாம் ரத்து, அறிவிப்பு எல்லாம் ரத்து. எட்டாம் நாள் புது டைரக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளூர் அறிவிப்பு இனி வேண்டாம், நிலையத்துக்கு ஒரு தரம் வேண்டும் என்றார். புல்லாங்குழல் டேப்பும் சாக்கில் போயிற்று. ஒன்பதாம் நாள் பூலம்மாள் வந்தாள். அதே மிதியடி, அதே நிற்பு. சொன்னீயளா சார் என்றாள். அவருக்குப் பசி நேரம். கையில் புது நிகழ்ச்சி அட்டவணை, நாலு பக்கம், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சொல்லியாச்சு என்றார். அவள் அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, மூன்று விநாடி இருக்கும். சரிங்க சார் என்று போனாள். அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது. அப்புறம் வாசித்திருக்கலாம். பத்தாம் நாள் வாசித்திருக்கலாம். நேயர் விருப்பத்தில் ஒரு பெயரோடு பெயராகச் சொருகியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது. செய்யவில்லை. செய்தால் சொல்லியாச்சு என்றது பொய் என்று தனக்கே ஆகிவிடும். அதனால் செய்யவில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. அதற்கப்புறமும் இருபத்தைந்து வருஷம் ஒரே தட்டில் சோறு தின்றவளிடம் சொல்லாததை இப்போது ஒரு துணிக் கம்பி சொல்கிறது. சாக்கில் கிடந்த டேப்பையெல்லாம் போன வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம். ஏற்றினவன் பெட்டி மேல் இருந்த பழைய சீட்டைப் பார்த்துப் பெயர் போட்டிருப்பான், கேட்டிருக்க மாட்டான். புல்லாங்குழல் நிரப்பி. ஒன்பது முப்பத்தெட்டுக்குத் தலைநகரத்து ஒலிபரப்பு முடிகிறது, நாற்பத்திரண்டுக்கு டில்லி ஆரம்பிக்கிறது, நடுவில் வெறுமை, கம்ப்யூட்டர் நிரப்புகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும். அழகான காரணம். அண்ணன் கேட்டால் நோட்டில் எழுதிக்கொள்வான்.

மணி ஒன்பது பதினெட்டு. சட்டை நனைந்துவிட்டது. வெயில்தான். நேற்று ஒன்பது முப்பத்தெட்டுக்குப் போனைக் கம்பியில் ஒட்டி வைத்து மகனைக் கேட்கச் சொன்னார். பட்டன் போன். பரணி கேட்டான். காத்து சத்தம்தான்ப்பா கேக்குது என்றான். புல்லாங்குழல் கேக்கலையா. இல்லப்பா. அப்பா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க. பக்கத்து வீட்டுக்காரன் துபாயில். பால்காரி ஏழு மணிக்கு வந்து போய்விடுவாள், ஒன்பதரைக்கு வா, ஒரு சத்தம் கேட்கணும் என்றால் என்ன நினைப்பாள். ஆக இந்த உலகத்தில் இந்த நிலையத்துக்கு நேயர் ஒருவர். அறிவிப்பாளர் ஒருவர். இரண்டும் ஒரே ஆள். அது போகட்டும். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அவர் நேராகப் பார்ப்பதில்லை, ஓரக்கண்ணால் பார்க்கிறார், பனையைப் பார்ப்பது போல. இரண்டு மாதமாகத் தினம் ஒரு தடவை பேரைக் கூப்பிடுகிறோம். அறுபது தடவை. எங்கோ வேலியோரமாக ஒருத்தன் முப்பத்தொரு வருஷமாக நடந்துகொண்டே இருக்கிறான். பேரைச் சொன்னால் நின்றுவிடுவான். நின்று, கூப்பிட்டது யார் என்று திரும்பிப் பார்ப்பான். அப்புறம் வருவான். கூப்பிட்டால் வராமலா இருப்பார்கள். போன செவ்வாய்க்கிழமை நாலாவது பனைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. அரைக்கைச் சட்டை மாதிரி. ஆடு என்று முடிவு செய்தார். ஆடு அவ்வளவு உயரம் இல்லை. உரச்சாக்கு முள்ளில் மாட்டியிருக்கும். வந்து நின்றால் என்ன சொல்வது. ஏன் கூப்பிட்டீர் என்று கேட்டால் என்ன சொல்வது. இவ்வளவு லேட்டாக ஏன் என்று கேட்டால். கண்ணாடியில் தன் முகத்தையே நேற்று மூன்று தடவை பார்த்தார். புத்தி சற்றுக் கலங்கியவர், வேலியோரமாக நடப்பார், பெயர் சொல்லி அழைத்தால் நிற்பார். எழுதினது யாரைப் பற்றி. இந்த இரண்டு மாதமாக வேலியோரம் நடப்பது யார்.

போதும். பத்து நாளாக அடிக்கிற நிலையத்து நம்பரை மறுபடி அடித்தார். தினம் அடித்து அடித்துத் தானாக நிற்கும். பூட்டிய கட்டடத்தில் கறுப்பு போன் மேஜை மேல் அலறுவது மனசுக்குள் தெரியும், எந்த மேஜை, எந்த மூலை என்று தெரியும். நின்றது. மறுபடி அடித்தார். நின்றது. மறுபடி. ஒன்பது இருபத்தாறுக்கு யாரோ எடுத்தார்கள்.

பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் விளக்குமாறு சாய்ந்து விழுகிற சத்தம்.

"ஹலோ. நிலையமா?"

மூச்சும் நின்றது.

"யார் எடுத்தது? வாயைத் திறந்து சொல்லுங்க."

"இப்பம் போன்லயும் வந்துட்டீயளா," என்றது ஒரு பெண் குரல். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

"என்னது?"

"நான்தான் போயிச் சொல்லிட்டேன்லா சாமி. ரெண்டு பஸ் மாறிப் போயிச் சொன்னேன். இன்னும் எதுக்கு என்னைய வெரட்டுதீய."

தெய்வசிகாமணி நாற்காலியிலிருந்து எழுந்தார். எதற்கு எழுந்தார் என்று தெரியவில்லை. "நான் யாருன்னு நினைச்சுப் பேசுற?"

"வேலியில பேசுதவரு."

"எந்த வேலி?"

"கோவுரத்துக் கால்ல இருக்கே, அந்த வேலி. நான் ஒம்பதரைக்குத்தான் அங்கன கூட்டுவேன். மொதல்ல ஊதுவீய. பெறகு பேசுவீய. மாடக்கண்ணு, மாடக்கண்ணுன்னு."

அவர் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கம் மணலில் இறங்கியது. மூன்று விநாடி போயிற்று, நாலு, ஐந்து, விளக்கம் எழுத வேண்டிய மௌனம். தலைக்குள் இல்லை. கோபுரத்து வேலியில் இருக்கிறது. விளக்குமாறோடு ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்டவள் குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டாள், நாற்பது வயசுக் குரலையும் எழுபத்தொரு வயசுக் குரலையும் ஒன்று என்று. சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை.

"தாயி, நான் மனுஷன். அங்க வேலை பார்த்தவன். அறிவிப்பாளர். ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு."

"செத்தவுகளும் இப்பிடித்தான் சொல்லுவாவ."

"செத்தவன் பத்து நாளா உனக்குப் போன் அடிச்சுக்கிட்டு இருப்பானா?"

"அதாம் பயந்து எடுக்கல."

"இன்னைக்கு ஏன் எடுத்த?"

"நிக்காம அடிச்சிது. கூட்ட விட்ட காண்ட்ராக்டரா இருந்தா வேலை போயிரும்லா. கட்டடத்துச் சாவியே அவன் தந்ததுதாம். பேயை விட அவன் மோசம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். "இதை ஏன் நீ யாருட்டயும் சொல்லல?"

"சொல்லி? கிறுக்கின்னு நிறுத்திருவான். எம் மாமியாளே அப்பிடித்தான் பாக்கா. கோடாங்கிகிட்ட போனேன், கயிறு கட்டி விட்டான், முந்நூறு வாங்கிட்டான். கயித்தோட போனேன், அன்னைக்கும் பேசுனீய. பெறகுதான் நின்னு கேட்டேன், இந்தாளு நம்மகிட்ட என்னதாம் கேக்காருன்னு. தகவல் தெரிஞ்சவங்க சொல்லணும்னு சொன்னீய. வெலாசமும் சொன்னீய. எனக்கு என்ன தகவல் தெரியும்? அவர இன்னும் தேடுதாவன்னு தெரியும். அதப் போயிச் சொன்னேன்."

"பூலம்மாகிட்டயா?"

"வேற ஆருகிட்ட?"

"இருக்காளா?"

"இருக்காவ. கண்ணு மங்கல். பொட்டி மொடையுதாவ. நான் சொன்னதும் கை நின்னுச்சு. இப்பம்தாம் சொல்லுதாவளான்னு கேட்டாவ."

கம்பியில் துண்டு ஆடுவது நின்றுவிட்டது. காற்றே இல்லை. பனையைப் பார்த்தார். நாலு.

"அன்னைக்கே தெரியுமாம் அவுகளுக்கு. ஏழு நாளும் டீக்கடை வாசல்ல உக்காந்திருந்தாவளாம். வீணைதாம் வந்துச்சாம். பெறகு வந்து கேட்டா, சொல்லியாச்சுன்னு ஒருத்தரு சொன்னாராம்."

"அது நான்தான்," என்றார் தெய்வசிகாமணி. "நான் வாசிக்கல."

எங்கோ பல்லி சொல்லியது, அவள் பக்கத்திலா இவர் பக்கத்திலா தெரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும்.

"ரெண்டு மாசமா விடாம வாசிக்கீயளே," என்றாள்.

"ஆள் வந்தானா? மாடக்கண்ணு?"

"வரல. ஆனா சொல்லட்டும், நிறுத்திராதீங்கன்னு சொல்லச் சொன்னாவ. இப்பம் ஆருக்கு ரேடியோ இருக்கு, ஆரு கேக்கப் போறான்னு நான் கேட்டேன். நீ கேட்டியேன்னாவ."

மணி ஒன்பது முப்பத்தாறு. வெளியே எங்கோ கார் சத்தம். இந்தப் பாதைக்குக் கார் வராது. பரணியாக இருக்காது, பதினொன்று என்றான்.

"உன் பேரென்ன தாயி?"

"பேரு எதுக்கு? பெறகு என்னையும் வேலியில கூப்பிடுவீயளா?"

"மாட்டேன். சொல்லு."

சொன்னாள். அவர் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், வாசிக்கிறதுக்கு முன்னால் புதுப் பெயரைச் சொல்லிப் பார்க்கிற பழைய பழக்கம். "போனை வைக்காதே. ஒயர் எட்டுற வரைக்கும் ஜன்னல் பக்கம் இழுத்துக்கிட்டுப் போ. ஜன்னல் கம்பியில ஒட்டி வை. அதுவும் பேசும்," என்றார். அவள் இழுத்துக்கொண்டு போவது கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டார், பரணி சொல்லிக் கொடுத்த ஒரே பட்டன். மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் கம்பியில் ஊதியது. ஒரு கண்ணிமை கழித்து மடியில் ஊதியது. இரண்டு புல்லாங்குழல், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வித்வான் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் ஊதிவிட்டுப் போனது. இரண்டு நிமிஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் காணவில்லை என்றது கம்பி. காணவில்லை என்றது மடி. மாடக்கண்ணு, வயது முப்பத்தாறு, உயரம் ஐந்தடி நாலங்குலம், வெள்ளை அரைக்கைச் சட்டை, பச்சைக் கரை வேட்டி. நல்ல குரல். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு. பெயர் சொல்லி அழைத்தால் நிற்பார் என்றது, நிற்பார் என்றது. முன்வாசல் கேட் கிரீச்சிட்டது. மணலில் செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தது, வேலியை ஒட்டி. கண்ணைத் திறக்கவில்லை. வருகிறவன் வரட்டும் என்று இருந்தார். யாராக இருந்தாலும் இனி சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது.

"அப்பா."

பரணி. கண் சிவந்திருந்தது. விடிய விடிய ஓட்டியிருக்கிறான், பதினொரு மணி வரை பொறுக்கவில்லை. வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். அப்பா வாய் மூடியிருக்கிறது. அப்பா குரல் அவர் மடியில் பேசிக்கொண்டிருக்கிறது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குச் சாப்பிட்டுக் கிளம்புகிற நேரத்தில் வீட்டுப் பெட்டியில் கேட்ட குரல். விலாசம் வாசித்தது. முடிந்தது. டில்லி ஆரம்பித்தது, கம்பி பழையபடி முனகலாயிற்று. பரணி நாற்காலிக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தான்.

"கேக்குதா சார்?" என்றது மடி. "ரெண்டு பக்கமும் கேக்குதா?"

பரணி போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "யாருப்பா லைன்ல?" என்றான். மரியாதை போய்விட்டிருந்தது, மகன் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

நிலையத்தில் கூட்டுகிறவள் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நிதானமாக, ஓர் எழுத்துக்கூட விழுங்காமல் சொன்னார்:

"முத்துப்பேச்சி."